ரிப்போர்ட்டில் 'நார்மல்', உடம்பில் தீராத சோர்வு: இரும்புச்சத்து விஷயத்தில் ஹீமோகுளோபின் சொல்லாதது என்ன?

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். அதன் படிகளில் ஏறும் யாருக்கும் பாதி வழியில் மூச்சு வாங்கும். ஒரு பாறை நிழலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, ரெண்டு மடக்கு தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். ஆனால், இரண்டாவது மாடியில் இருக்கும் ஆபீஸுக்குப் படியேறும்போதே அப்படி மூச்சு வாங்கினால்?

செஞ்சியிலிருந்து தினமும் விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் பிடித்து வேலைக்குப் போகும் 27 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு மணி நேரம் தூங்கினாலும் காலையில் எழுந்திருக்கவே மனசு வராது. தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. ராத்திரி படுத்தால் கால் குடைச்சல். மதியத்துக்கு மேல் வேலையில் கவனம் நிற்காது. ஒருவழியாக ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கிறார். ஹீமோகுளோபின் 12.1. லேப் தாளில் 'நார்மல் அளவு 12 முதல் 15 வரை' என்று அச்சாகியிருக்கிறது.

"எல்லாம் நார்மல்தான்மா. நல்லா சாப்பிடுங்க, ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் அதற்கு மேலே ஒரு படி. "ரிப்போர்ட்லயே ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு. ராத்திரியெல்லாம் போனை நோண்டிக்கிட்டு இருந்தா அசதியா இல்லாம என்ன பண்ணும்?"

கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணுக்கே சந்தேகம் வந்துவிடும். நிஜமாவே நமக்கு உடம்புக்கு முடியலையா, இல்லை நாமதான் சோம்பேறி ஆயிட்டோமா?

இப்படி ஒரு நிலை உண்மையிலேயே இருக்கிறது. 'ரத்தசோகை இல்லாத இரும்புச்சத்துக் குறைபாடு' என்று மருத்துவம் அதற்குப் பெயரே வைத்திருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்து, உடம்பின் இரும்புச் சேமிப்பு மட்டும் காலியாகிக்கொண்டிருக்கும் நிலை இது.

களஞ்சியமும் காவலும்

ஒரு மனித உடம்பில் மொத்தமாக 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில். மீதியில் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் 'ஃபெரிட்டின்' என்ற புரதத்துக்குள் பத்திரமாகச் சேமிக்கப்படுகிறது. தசைகளுக்கும், செல்கள் ஆற்றல் தயாரிப்பதற்கும், மூளையில் டோபமைன் போன்ற வேதிப்பொருட்கள் உருவாவதற்கும் கொஞ்சம் இரும்பு வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள செஞ்சிக் கோட்டையே உதவும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டை இது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இதை முற்றுகையிட்டது. கீழ்க்கோட்டையில் கல்யாண மகாலைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்திலேயே தானியக் களஞ்சியத்தையும் பார்த்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மதில் மேல் நிற்கும் காவல்தான் கண்ணில் படும். உள்ளே நெல் எத்தனை நாளைக்கு வரும் என்பது தெரியாது.

ஹீமோகுளோபின் என்பது மதில் மேல் நிற்கும் காவல். ஃபெரிட்டின், களஞ்சிய இருப்பு. இரும்பு வரத்து குறையும்போது உடம்பு முதலில் களஞ்சியத்தைத்தான் திறக்கும். காவலைக் குறைக்காது.

அதனால் குறைபாடு மூன்று கட்டமாக வளர்கிறது. முதல் கட்டத்தில் ஃபெரிட்டின் மட்டும் இறங்கும். இரண்டாவது கட்டத்தில், ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் 'டிரான்ஸ்ஃபெரின்' புரதத்தில் வழக்கத்தைவிட அதிக வண்டிகள் காலியாக ஓடத் தொடங்கும். மூன்றாவது கட்டத்தில்தான் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. அதாவது, ஹீமோகுளோபினை மட்டும் பார்க்கிறவர் கதையின் கடைசி அத்தியாயத்தில்தான் உள்ளே வருகிறார்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒருவருக்கு வழக்கமாக ஹீமோகுளோபின் 13.8 இருந்து, இப்போது 12.1 ஆகியிருந்தால், அது அவருக்கு இறக்கம்தான். ஆனால், லேப் தாளுக்கு அது தெரியாது. அதைப் பொறுத்தவரை இரண்டுமே நார்மல்.

இது மனப்பிரமை இல்லை என்பதற்கு என்ன சான்று?

'ரத்தசோகை இல்லாமலே இரும்புக் குறைவால் சோர்வு வருமா?' என்ற கேள்வி பழையது. ரத்தசோகை இல்லாத, ஆனால் எப்போதும் களைத்திருக்கும் பெண்களுக்கு இரும்பு மாத்திரையும் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வை அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் பியூட்லர் குழு 1960லேயே வெளியிட்டது. ஆனால், ரத்தத்தில் ஃபெரிட்டினை எளிதாக அளக்கும் வழி அப்போது இல்லை. பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் 1972ல்தான் அதற்கான பரிசோதனையை வெளியிட்டார்கள்.

2003ல் சுவிட்சர்லாந்தில் 144 பெண்களிடம் நடந்த ஆய்வு, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. நான்கு வாரம் இரும்பு மாத்திரை எடுத்தவர்களுக்குப் போலி மாத்திரை எடுத்தவர்களைவிடச் சோர்வு அதிகம் குறைந்தது. ஆனால், அந்தப் பலன் ஃபெரிட்டின் 50 அல்லது அதற்குக் கீழே இருந்த பெண்களுக்கு மட்டுமே.

2012ல் கனடிய மருத்துவ இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வு இன்னும் துல்லியமானது. அதில் பங்கேற்ற 198 பெண்களுக்கும் ஹீமோகுளோபின் 12 அல்லது அதற்கு மேல், ஃபெரிட்டின் 50க்குக் கீழே. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, தினமும் 80 மில்லிகிராம் இரும்பு எடுத்த குழுவில் சோர்வு மதிப்பெண் 47.7 சதவீதம் குறைந்திருந்தது. போலி மாத்திரை குழுவில் 28.8 சதவீதம்.

இந்த இரண்டாவது எண்ணையும் கவனிக்க வேண்டும். வெறும் போலி மாத்திரையிலேயே கால் பங்குக்கு மேல் சோர்வு குறைந்திருக்கிறது. அதாவது எல்லாச் சோர்வுக்கும் இரும்பு காரணமில்லை. அதே நேரம், இரும்பு குறைவாக இருக்கிறவரின் சோர்வு கற்பனையும் இல்லை.

அறிகுறிகள் என்னென்ன?

நாள்பட்ட சோர்வு, படியேறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, தலைவலி, கவனம் சிதறுவது, முடி கொட்டுவது, நகம் உடைவது, கை கால் சில்லிட்டுப் போவது, ராத்திரி கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது போன்றவை முக்கியமானவை.

வெளியே சொல்ல வெட்கப்படும் அறிகுறி ஒன்றும் உண்டு. ஐஸ் கட்டி, பச்சரிசி, சாக்பீஸ், திருநீறு, மண் போன்றவற்றைச் சாப்பிடத் தோன்றும் ஆசை. 'அரிசியைத் தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்' என்று வீட்டில் கிண்டல் செய்துவிட்டு விட்டுவிடுவார்கள். மருத்துவர்களோ அதை இரும்புக் குறைபாட்டின் முக்கியமான துப்பாகப் பார்க்கிறார்கள்.

ஆனால், இதே சோர்வும் முடி கொட்டுவதும் தைராய்டு பிரச்சினை, வைட்டமின் பி12 குறைபாடு, சர்க்கரை நோய், தூக்கக் கோளாறு, மன அழுத்தம் எல்லாவற்றிலும் வரும். அறிகுறியை மட்டும் வைத்து 'எனக்கு இரும்புச்சத்துதான் கம்மி' என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

எந்த எண்ணுக்குக் கீழே போனால் குறைவு?

குழப்பம் இங்கேதான். ஃபெரிட்டின் 14 என்று வரும். 'நார்மல் அளவு 10 முதல்' என்று சில லேப் தாள்களில் இருக்கும். அதனால் பக்கத்தில் சிவப்பு எழுத்து வராது.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். லேப் தாளில் 'மில்லிக்கு இத்தனை நானோகிராம்' என்று இருக்கும். இரண்டும் ஒரே எண்தான். ஆனால், 15 என்பது களஞ்சியம் கிட்டத்தட்ட துடைத்த நிலை. அதனால் பல மருத்துவர்கள் 30 என்ற எண்ணை எல்லையாக வைக்கிறார்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு 45 என்று அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020ல் பரிந்துரைத்தது. தமிழர்கள் அதிகம் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், லேப் தாள்களில் ஃபெரிட்டினின் கீழ் எல்லையை 2024ல் 30 ஆக உயர்த்தினார்கள். நேற்றுவரை 'நார்மல்' என்று வந்த ஒரு பெண்ணின் ரிப்போர்ட், ரத்தம் மாறாமலே 'குறைவு' என்று மாறியது.

'நார்மல்' என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இதன் காரணம் புரியும். பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்படும் ஒரு கூட்டத்தினரின் ரத்தத்தை அளந்துதான் இந்த அளவுகளை வைக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலேயே பல பெண்களுக்கு இரும்பு குறைவாக இருந்தால், குறைவே நார்மல் ஆகிவிடும்.

எத்தனை பேர் இந்த இடைவெளியில் விழுகிறார்கள்? அமெரிக்காவில் 12 முதல் 21 வயதுவரையிலான பெண்களின் தரவுகளை ஆராய்ந்து 2023ல் ஜாமா இதழில் வந்த கட்டுரை ஒரு அளவைக் காட்டுகிறது. ஃபெரிட்டின் 25 என்று எல்லை வைத்தால் 38.6 சதவீதம் பேருக்கு இரும்புச்சத்துக் குறைபாடு. ஆனால், அதனால் ரத்தசோகை வந்தவர்கள் 6.3 சதவீதம் மட்டுமே.

தமிழ்நாட்டு நிலைமை

இங்கே ரத்தசோகையே பெரிய பிரச்சினை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இந்திய அளவில் 57 சதவீதம். இந்தக் கணக்கெடுப்பு விரலில் குத்தி எடுத்த துளி ரத்தத்தில் ஹீமோகுளோபினை மட்டும்தான் அளந்தது. மீதிப் பெண்களில் எத்தனை பேரின் களஞ்சியம் காலி என்பது அந்த எண்ணில் இல்லை.

ஃபெரிட்டினையும் அளந்த தேசிய அளவிலான ஆய்வு, 2016-18ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு. பதின்ம வயதுப் பெண்களில் 31 சதவீதம் பேருக்கும், ஆண் பிள்ளைகளில் 12 சதவீதம் பேருக்கும் இரும்புச்சத்துக் குறைபாடு இருந்ததாக அது சொன்னது.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வாரம் ஒரு நாள் டீச்சர் கையில் கொடுத்த நீல நிற மாத்திரை ஞாபகம் இருக்கும். 2013ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பிறகு கர்ப்பமானதும் அங்கன்வாடியும் ஆரம்ப சுகாதார நிலையமும் கவனிக்க ஆரம்பித்துவிடும். நடுவில் இருக்கும் வயது? 2018ல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தில் இந்த வயதுப் பெண்களுக்கும் வாரம் ஒரு சிவப்பு மாத்திரை உண்டு. ஆனால், காலை 7 மணி பஸ்ஸைப் பிடித்துப் போய் இருட்டியபின் வீடு திரும்பும் பெண்ணுக்கு அதைப் போய் வாங்க நேரம் எங்கே?

இரும்பு எங்கே போகிறது?

உடம்பு ஒரு நாளைக்கு உணவிலிருந்து உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம் இரும்புதான். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் 40 மில்லி ரத்தம் போனால் கிட்டத்தட்ட 20 மில்லிகிராம் இழப்பு. 80 மில்லிக்கு மேல் போனால், அது இரட்டிப்பு.

'எனக்கு எப்பவுமே இப்படித்தான்' என்று பல பெண்கள் நினைத்திருப்பார்கள். ஆனால், மணிக்கொரு தரம் நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, பெரிய கட்டிகளாக வந்தாலோ, அது அதிக ரத்தப்போக்கு. மகளிர் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

ஆண்களுக்கும் இந்தப் பிரச்சினை வரலாம். 350 மில்லி ரத்தம் கொடுத்தால் 150 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு வெளியேறும். ரத்த தானம் செய்ய வேண்டாம் என்பதல்ல. அடிக்கடி கொடுப்பவர்கள் ஃபெரிட்டினையும் பார்த்துக்கொள்வது நல்லது. மாதக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை போடுவது, குடல்புழு, இரைப்பைப் புண், மூல ரத்தம், குடலின் உறிஞ்சும் திறன் குறைவது ஆகியவையும் காரணமாகலாம்.

ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால் மாத்திரை போட்டு மறந்துவிடக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சில நேரம் குடல் புற்றுநோயின் முதல் தடயமே இதுவாக இருக்கும்.

ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

* எம்.சி.வி, எம்.சி.ஹெச்: சிவப்பணுவின் அளவும் அதில் உள்ள ஹீமோகுளோபினும். சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே இருக்கும். ஹீமோகுளோபின் நார்மலாக இருந்து இவை குறைந்திருந்தால் இரும்புக் குறைவோ தலசீமியா மரபுக்கூறோ காரணமாக இருக்கலாம்.

* ஆர்.டி.டபிள்யூ: சிவப்பணுக்களின் அளவில் உள்ள ஏற்றத்தாழ்வு. இது கூடியிருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம்.

* ஃபெரிட்டின்: தனியாகக் கேட்டால்தான் எடுப்பார்கள். பொதுவான ரத்தப் பரிசோதனையில் சேராது.

* சி.ஆர்.பி: உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். காய்ச்சல், தொற்று, மூட்டு அழற்சி, கல்லீரல் பாதிப்பு இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்கு எல்லையை 70 என்று வைக்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து எடுப்பது நல்லது.

* டிரான்ஸ்ஃபெரின் செறிவு: 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், வரத்து போதவில்லை என்று பொருள்.

கூடவே தைராய்டு, பி12 ஆகியவற்றையும் பார்த்துவிட்டால் சோர்வின் மற்ற முக்கியமான காரணங்கள் தெரிந்துவிடும்.

முருங்கைக்கீரை மட்டும் போதுமா?

வயது வந்த பெண்ணுக்குத் தினமும் 29 மில்லிகிராம் இரும்பும், ஆணுக்கு 19 மில்லிகிராமும் உணவில் இருக்க வேண்டும் என்கிறது 2020ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகப் பரிந்துரை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் ஏறத்தாழ நாலரை மில்லிகிராம். ஆனால், தாவர உணவில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வது கஷ்டம். ஆட்டு ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பு இதைவிட நன்றாகச் சேரும்.

என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே எதோடு சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 1983ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சாப்பாட்டோடு குடித்த காபி இரும்பு உறிஞ்சுவதை 39 சதவீதமும், டீ 64 சதவீதமும் குறைத்தன. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியும் அதே அளவு கெடுத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது பாதிப்பு இல்லை.

இட்லி சாப்பிட்ட கையோடு சூடாக ஒரு டீ என்ற பழக்கம் உள்ளவர்கள், அந்த டீயை எழுந்தவுடனோ சாயங்காலமோ மாற்றிக்கொள்ளலாம். கீரைக் கூட்டில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு நெல்லிக்காய், கொய்யா சேர்ப்பது உதவும்.

இருந்தாலும் ஃபெரிட்டின் ரொம்பவே இறங்கிவிட்டால் உணவு மட்டும் அதை மேலே தூக்காது. நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் வரவை வைத்து களஞ்சியத்தை நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அடுத்த மாதவிடாய் வந்துவிடும்.

மாத்திரை போடுவதாக இருந்தால்...

பலருக்கும் இரும்பு மாத்திரை என்றாலே பயம். வயிற்றுப் புரட்டல், மலச்சிக்கல், கறுப்பாக மலம் போவது. பாதியில் விட்டுவிடுவார்கள். இதற்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ஒரு வேளை இரும்பு எடுத்ததும் கல்லீரல் 'ஹெப்சிடின்' என்ற ஹார்மோனைக் கூட்டி, குடலின் கதவைக் கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு மூடிவிடும். ரத்தசோகை இல்லாத, இரும்பு குறைந்த பெண்களிடம் நடந்து 2017ல் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வெளியான ஆய்வில், தினமும் மாத்திரை எடுத்தவர்கள் அதில் 16.3 சதவீதம் இரும்பை உறிஞ்சினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தவர்கள் 21.8 சதவீதம். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த முறையை டாக்டரிடம் கேட்கலாம்.

* டீ, காபி, பால், கால்சியம் மாத்திரையோடு சேர்த்து எடுக்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

* ரெண்டு வாரத்தில் தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்தினால் களஞ்சியம் நிரம்பியிருக்காது. எத்தனை மாதம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஃபெரிட்டின் பார்ப்பது வழக்கம்.

* பரிசோதனை செய்யாமல் கடையில் வாங்கிப் போடக் கூடாது. தலசீமியா போன்ற ரத்த நோய்கள் உள்ளவர்களுக்கும், மரபு வழியில் இரும்பு அதிகம் சேர்பவர்களுக்கும் கூடுதல் இரும்பு ஆபத்து. உடம்பிலிருந்து அதை வெளியேற்ற இயற்கையான வழி கிடையாது.

* வீட்டில் குழந்தைகள் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு குழந்தை மிட்டாய் என்று நினைத்து நாலைந்து மாத்திரையை விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மாத்திரை எடுக்காமலே கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்பது?

'எனக்கு என்னமோ அசதியா இருக்கு' என்று சொல்வதைவிட, எப்போதிலிருந்து, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிடாய் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று போனில் குறித்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வரும். பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போகலாம். இரண்டு வருஷத்துக்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்பது இன்றைய 12.1க்கு வேறு அர்த்தம் கொடுக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. "ஃபெரிட்டின் பார்க்கலாமா டாக்டர்?" என்பது முதலாவது. குறைவு என்று வந்தால், "ஏன் குறைஞ்சுது?" என்பது இரண்டாவது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால், நிறுத்திய சில மாதங்களில் பழைய கதைதான்.

ஃபெரிட்டின் நன்றாகவே இருக்கிறது என்று வந்தால்? அதுவும் பயனுள்ள பதில்தான். வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று அது சொல்கிறது. சோர்வு இல்லை என்று அது சொல்லவில்லை.